பின்னறைக்கு எட்டாத வைஃபை

எங்கள் வீட்டின் பின்னறை மே மாதக் கடைசியிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் நாளுக்கு ஒரு சாண், பிறகு ஓர் அடி. அறை போகப் போக, கூடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு நடை நீண்டது. சிமெண்டுத் தரையும் வெள்ளையடித்த சுவரும் தேவையான அளவுக்குத் தானாகவே வந்தன. வெளியே போய்ப் பார்த்தால் வீடு பழையபடிதான் இருந்தது. பின்சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே அதே மூன்றடிச் சந்து. நான் திண்டுக்கல் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். தினமும் காலையில் டேப் பிடித்து அளந்து டைரியில் குறித்துக்கொண்டேன். வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை. வைஃபை மட்டும் அங்கே எட்டவில்லை.

பின்னறை என் மகள் இளவேனிலுடையது. விதை அறிவியல் படித்தவள். குளிர் தேசம் ஒன்றிலிருக்கும் விதை ஆராய்ச்சி நிலையம் அவளைக் கணினி வழியாக நேர்காணலுக்கு அழைத்திருந்தது. ஜூன் பத்தாம் தேதி முதல் நேர்காணல். அன்று அறை பதினான்கு அடி தூரத்தில் இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முகம் வாயைத் திறந்தபடி திரையில் நின்றுவிட்டது. பிறகு இணைப்பே அறுந்தது. அவர்கள் நல்லவர்கள். இன்னொரு தேதி கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. இதுவும் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கூடத்தில் உட்கார்ந்து பேசலாமே என்றாள் என் மனைவி வளர்மதி. எந்த அறையிலிருந்து பேசுவேன் என்று ஜன்னல், கதவு எண்ணிக்கையோடு விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது என்றாள் இளவேனில். கைபேசிக்கும் அங்கே டவர் கிடைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் நேர்காணல் அன்று காலை, அலமாரி மேலிருந்த வைஃபை ரூட்டரை எடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தவன் நான். அலமாரியில் தூசி என்று காரணம் சொன்னேன். தூசி இருந்தது உண்மை. பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் குறையும் என்று எனக்குத் தெரிந்திருந்ததும் உண்மை. மறுநாள் அளந்தபோது அறை ஒரே நாளில் ஐந்தடி போயிருந்தது. பிறகு நாளுக்கு நாள் வேகம் கூடியது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்து போய் ரூட்டரின் விளக்குகளைப் பார்ப்பேன். ஆன்டெனாவை ஒன்று நேராகவும் ஒன்று சாய்வாகவும் திருப்பி வைப்பேன். அணைத்துவிட்டு முப்பது வரை எண்ணி மறுபடி போடுவேன். கண்ணாடியும் மீன் தொட்டியும் சிக்னலைத் தின்னும் என்று எங்கோ படித்து, கண்ணாடியைக் கழற்றினேன். மீன் தொட்டி எங்களிடம் இல்லை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடையில் மேலும் கீழும் நடந்து, எந்த இடத்தில் சிக்னல் கோடு மூன்றிலிருந்து இரண்டாகிறது, எந்த இடத்தில் ஒன்றாகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்தேன். அலுவலகத்தில் யாருடைய நிலத்தையோ அளக்கும்போதும் என் மனசு அந்தப் பென்சில் கோடுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பிராட்பேண்ட் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாக விசாரித்தாள். நடுவில் எத்தனை சுவர், அறை எந்தத் திசையில் போகிறது, நாளுக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ரூட்டர் இடம் மாறினால்தான் அது இடமாற்றக் கோரிக்கை, அறை மாறினால் சிக்னல் புகாரில்தான் வரும் என்று விளக்கி, புகார் எண் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அருள்தாஸ் வந்தார். நிறுவனத்தின் டெக்னீஷியன், ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வலிக்காரர். அன்று நடை நூற்று எண்பது அடி. எழுபதாவது அடியில் புதிதாக ஒரு ஜன்னல் வந்திருந்தது. அதற்கு வெளியே மழை பெய்தது. எங்கள் தெருவில் வெயில். அருள்தாஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈரம் ஆகாது சார் என்றார். சிக்னல் இல்லாத இடத்தில் எக்ஸ்டெண்டர் வைத்தால் இல்லாததைத்தான் நீட்டும், சிக்னல் நன்றாக இருக்கிற பாதி வழியில் வைக்க வேண்டும் என்று சொல்லி, ஒன்றை மாட்டினார். அறைக்குள் இரண்டு கோடு வந்தது. இளவேனில் எட்டிப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு கோடாகிவிட்டது.

"பாதி வழியே நகருது சார்," என்றார் அருள்தாஸ். "வீட்டை விட்டுக் கிளம்புற அறைக்குப் பெட்டியை ஓரிடத்துல வெச்சுப் பிரயோஜனமில்ல. கூடவே போகணும்."

ஆயிரம் அடி கேபிள் சுருள் ஒன்றையும், ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரியையும் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து வாங்கிக்கொள்ள மறக்கவில்லை.

புதன்கிழமை மதியம் இளவேனிலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடையில் சைக்கிளில் போனேன். நடந்து போனால் ரசம் ஆறிவிடுகிறது என்பதால் ஒரு வாரமாக அப்படித்தான். அவள் அறையில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. விதைப் பொட்டலங்கள் பெயர் எழுதி வரிசையாக நின்றன. அவள் சாப்பிடும்வரை கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

"அன்னிக்கு ரூட்டரைப் பிரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சது நான்தான்மா," என்றேன்.

"தெரியும்பா. சாயந்தரம் அதை எடுத்துப் பழையபடி மேல வெச்சது நான்தான்." ரசத்தை ஊற்றிக் குழைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். பத்தே முக்காலுக்கு வளர்மதி கேபிளின் ஒரு முனையைக் கூடத்துச் சுவரில் செருகினாள். மறுமுனையில் ரூட்டர், அதோடு பேட்டரி. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவிழ்த்துவிட்டபடியே நடந்து அறை வாசலுக்குப் போய் நின்றேன். பதினொரு மணிக்கு உள்ளே ஒரு வெள்ளைக்காரக் குரல் வணக்கம் சொன்னது. அறை கிளம்பியது.

அன்று அது தேர் நகர்கிற வேகத்தில் மெல்லப் போயிற்று. நானும் நடந்தேன். தடுப்பில்லாமல் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அருள்தாஸ் சொல்லியிருந்ததால் ரூட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கதவு வழியாக அவள் குரல் கேட்டது. நெல் விதை முளைக்காமல் எத்தனை நாள் தூங்கும், கேழ்வரகு எத்தனை நாள் என்று நிதானமாகச் சொன்னாள். திக்கவில்லை. வீட்டில் அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ஜன்னல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் கரும்புத் தோட்டம், ஒன்றில் ரயில் நிலையத்தின் பின்பக்கம், ஒன்றில் வெறும் வெள்ளை. கை மரத்துப் போயிற்று. மாற்றிப் பிடித்தேன்.

ஒருமுறை குரல் இடறியது. உடனே கதவு ஒரு சாண் திறந்தது. "அப்பா, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

நுனிக்காலில் நடந்தேன். ஏன் இவ்வளவு தூரம் வர விரும்புகிறீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது. இளவேனில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து கேபிள் ஒரு மூலையில் சிக்கி, நான் திரும்பி அதை உதற வேண்டியிருந்தது. பதில் எனக்குக் கேட்கவில்லை. கேள்வி கேட்டவர்களுக்குக் கேட்டிருக்கிறது. சிரித்தார்கள்.

ஆயிரமாவது அடியில் கேபிள் விறைத்து நின்றது. அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஒரு கையில் கேபிளை இழுத்துப் பிடித்து, மறு கையால் ரூட்டரை முடிந்தவரை முன்னால் நீட்டியபடி நின்றேன். அறை பத்தடி, இருபதடி, நாற்பதடி போனது. அப்போது உள்ளே நன்றி சொல்லி விடைபெறும் குரல்கள் கேட்டு, கதவு முழுவதுமாகத் திறந்தது. இளவேனில் வாசலில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். உதட்டை அசைத்து என்னவோ சொன்னாள். நானும் கட்டை விரலைக் காட்ட நினைத்தேன். இரண்டு கையும் வேலையாக இருந்தன. தலையை ஆட்டினேன். அவள் கண்ணுக்குத் தெரியும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கேபிளைச் சுற்றிக்கொண்டே திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூடத்தில் கால் வைத்தபோது சமையலறைக்குப் பக்கத்தில் நீல வண்ணம் அடித்த ஒரு கதவு இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் அறை வந்து நின்றிருந்தது. அதன் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், இளவேனில் வயதுதான் இருக்கும், மடிக்கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வைஃபை பாஸ்வேர்டு கேட்டாளாம். வளர்மதி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி எழுத்து பெரிய எழுத்து என்று நான் சொன்னேன்.