தர்லோ வீட்டுக் கேள்வி

அன்று தர்லோ வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி ஆல்மா தர்லோ, அவருடைய தம்பி வில்பர், வில்பரின் மனைவி டார்க்கஸ், பக்கத்து வீட்டு ஹில்டா பெட்டிங்கில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட லெஸ்டர் ஹாய்ட். கணப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ராணுவ உடுப்பில் சைலஸ் சித்தப்பாவும் இருந்தார். பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இருக்கவில்லை. அந்த அறையில் ஐந்து நாற்காலிக்கு மேல் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரிப் பனியில், அதிபராக ஆசைப்படுகிறவர்கள் நியூ ஹாம்ஷயருக்கு வந்து வீடு வீடாகக் காப்பி குடிப்பார்கள். எந்தக் கட்சியிலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கு இங்கேதான் விழும். நார்த் வெல்லர் சின்ன ஊர்தான். ஆனால் அங்கே வருகிறவர் தர்லோ வீட்டுக்கு வராமல் போவது அபூர்வம். அப்படி வராமல் போனவர்களை ஊர் மன்னித்ததும் இல்லை. ஆல்மா அவர்களுக்கு ஆப்பிள் பை என்ற பலகாரமும் பாலாடைக்கட்டித் துண்டும் கொடுப்பார். தின்று முடிக்கும்வரை பேசமாட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எங்க சித்தப்பா நிகரகுவாவுல உயிரைக் குடுத்தவர். அந்த நாட்டை நீங்க என்ன செய்யறதா உத்தேசம்?"

அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே கேள்விதான். படைகளை அனுப்புவேன் என்றவர்கள் சித்தப்பாவின் பேரைச் சொல்லி அனுப்புவேன் என்றார்கள். அனுப்பமாட்டேன் என்றவர்களும் சித்தப்பாவின் பேரைச் சொல்லித்தான் மறுத்தார்கள். ஆல்மா பதிலைக் கேட்பதில்லை, ஆளைப் பார்ப்பார். படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா, பேசிவிட்டுப் படத்தைப் பார்க்கிறாரா, குரல் எங்கே தழுதழுக்கிறது, எல்லாம் கவனித்து, வாசல்வரை வழியனுப்பிவிட்டு, நாணயஸ்தர் அல்லது புளுகர் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார். மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்க அது பரவிவிடும். அப்படி நாணயஸ்தர் என்று பேர் வாங்கியவர்கள் பதவிக்கு வந்ததும் புரண்டதுண்டு. "நான் சொன்னப்ப நல்லவராத்தான் இருந்தார். வாஷிங்டன் போய்க் கெட்டா அதுக்கு நானா பொறுப்பு?" என்பார் ஆல்மா.

உள்ளபடி பார்த்தால், அமெரிக்கப் படை நிகரகுவாவில் இருந்த 1928இல் வந்த தந்தி சைலஸ் தர்லோவைக் காணவில்லை என்றுதான் சொன்னது. தர்லோ குடும்பத்தில் யாரும் காணாமல் போவதில்லை. ஆகவே ஆல்மாவின் அப்பா அதை வீரமரணம் என்று திருத்திக்கொண்டார். ஊரும் ஒத்துக்கொண்டு நடுத்திடலில் அவர் பேர் பொறித்த கல் நட்டது. அறுபது வருஷமாக ஒவ்வொரு மே மாதமும், போரில் இறந்தவர்களின் நினைவு நாளில், அந்தக் கல்லுக்குப் பூ வைப்பது ஆல்மாவின் குடும்பம். முதுகு வளையாமல் வைப்பார்கள்.

லெஸ்டர் ஹாய்ட் பையைத் தின்று முடித்தார். ஆல்மாவின் கேள்வியையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கணப்பருகே போய்ப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் அதிகமாகிறதே என்று ஹில்டா தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, உங்க மனசு நோகாம ஒண்ணு சொல்லலாம். இல்லேன்னா நிஜத்தைச் சொல்லலாம். எது வேணும்?"

"இந்த வீட்டுல பொய்க்கு நாற்காலி போடறதில்ல," என்றார் ஆல்மா.

"சரி. முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் அங்க நம்ம தூதரகத்துல சின்ன உத்தியோகத்துல இருந்தேன். கிழக்குக் கரையில ஒரு துறைமுகம். அங்க ஒரு அமெரிக்கர் செருப்புக்கடை வச்சிருந்தார். பேரு சைலஸ் தர்லோ. இதே மூக்கு, இதே காது. மனைவி, பிள்ளைங்க, வாசல்ல ஒரு கிளி. சாயங்காலம் அவர் கடையிலதான் எனக்குக் காப்பி."

வில்பரின் வாயில் இருந்த பை அப்படியே நின்றது.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?" என்றார் ஆல்மா.

"ஆகாது. அவர் வலது கட்டைவிரல்ல ஒரு தழும்பு. என்னன்னு கேட்டேன். வீட்ல கோடாரி பட்டதுன்னு சொல்லிட்டேன், நிஜத்துல கிளம்பற அன்னிக்கு விறகுக் கொட்டாய்ல அண்ணன் பொண்ணு கடிச்சதுன்னார். போகாதேன்னு சொல்லத் தெரியாத குழந்தை, அதான் கடிச்சுதாம். சொல்லிட்டுச் சிரிச்சார்."

எல்லோரும் ஆல்மாவைப் பார்த்தார்கள். ஹாய்ட் மட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதாம்மா. நாம அங்க துப்பாக்கியோட ஒரு பையனை அனுப்பினோம். அங்க உள்ளவங்களுக்குச் செருப்புதான் தேவைன்னு அவன் கண்டுபிடிச்சான். நான் அதிபரானா யாரையும் அனுப்பமாட்டேன். அவர் அந்த நாட்டுக்கு உயிரைக் குடுக்கல. அந்த நாடுதான் அவருக்கு ஒரு வாழ்க்கையைக் குடுத்துது."

"அக்கா," என்றாள் டார்க்கஸ் மெல்ல, "நீங்களா கடிச்சீங்க?"

ஆல்மா நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். அதற்குமேல் நிமிர இடமில்லை.

"நான் யாரையும் கடிச்சதில்ல."

வாசலில் ஹாய்ட் கைநீட்டியபோது ஆல்மா கைகுலுக்கினார். பனியில் வழுக்கும், பார்த்துப் போங்க என்றார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். ஹில்டா தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"என்ன ஆல்மா? நாணயஸ்தரா, புளுகரா?"

ஆல்மா தட்டுகளை அடுக்கினார். "பை கொஞ்சம் தீய்ஞ்சிருந்துது," என்றார்.

தீர்ப்பு வராததுதான் ஊருக்கு வினையாயிற்று. ஹில்டா அன்று மாலையே தபால் ஆபீஸில் கதையைப் பரப்பிவிட்டாள். ஹாய்ட் புளுகர் என்றால் சைலஸ் தியாகி. ஹாய்ட் நாணயஸ்தர் என்றால் சைலஸ் போர்க்களத்தை விட்டு ஓடினவர். ரெண்டில் ஒன்று ஆல்மாதான் சொல்லவேண்டும். மளிகைக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. அறுபது வருஷத்தில் ஒரு தர்லோவுக்கு நேராத அவமானம் அது.

"புளுகர்னு சொல்லிட்டுப் போங்களேன்க்கா," என்றான் வில்பர். "அந்தாளு எப்படியும் தோக்கப்போறவன். அவனுக்கென்ன நஷ்டம்? நம்ம சித்தப்பாதான் முக்கியம்."

"எனக்கே யோசனை சொல்ல வந்துட்டியாடா? போய் வாசல்ல பனியைத் தள்ளு."

அந்தச் சமயத்தில்தான் கவர்னர் மால்ட்பியின் ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மால்ட்பியும் அதிபர் பதவிக்கு நின்றவர். சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிற பீன்ஸ் விருந்துக்குக் கவர்னர் வருகிறார், சைலஸ் தர்லோவின் மானத்தை ஊர் முன்னாலேயே காப்பாற்றித் தருகிறார், அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். உட்காருவதில் என்ன பொய் இருக்கிறது? ஆல்மா ஒப்புக்கொண்டார். சாம்பல் நிறக் கம்பளி உடுப்பை எடுத்துத் தேய்த்தார்.

சனிக்கிழமை விருந்தில் பாகு போட்டு வெந்த பீன்ஸ் பயறு மணந்தது. ஊரே வந்திருந்தது. மால்ட்பி ஒவ்வொரு மேஜையாகப் போய் முதுகைத் தட்டிவிட்டு மேடையேறினார். நல்ல குரல்.

"வாஷிங்டன்ல உத்தியோகம் பார்த்த ஒருத்தர் நம்ம மாவீரரைச் செருப்புக்காரர்னு சொல்லிட்டுப் போயிருக்கார்!" கூட்டம் உறுமியது. "நான் விசாரிச்சேன். சைலஸோட பக்கத்துல நின்னு சண்டை போட்ட ஒரு கிழவரைக் கண்டுபிடிச்சுப் பேசினேன். சைலஸ் அவர் மடியிலதான் விழுந்தார். கொடி கையில இருந்துது. அந்த மண்ணுக்கு இன்னும் ஆயுதம் அனுப்பணும், ஆள் அனுப்பணும்னா, அது அந்தக் கொடிக்காக!"

கைதட்டல். ஆல்மா அசையவில்லை. கொடியைப் பொறுத்துக்கொண்டார். மடியையும் பொறுத்துக்கொண்டார். மானம் திரும்பி வந்துகொண்டிருந்தது, இன்னும் ரெண்டு வாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

கவர்னர் குரலைத் தாழ்த்தினார். "கடைசியா அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'நான் கிளம்பறப்ப அழுதுக்கிட்டே நின்னாளே எங்க ஆல்மா, அவளை இனிமே அழவேண்டாம்னு சொல்லுங்க'ன்னார்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

"நான் அழல," என்றார் ஆல்மா.

கவர்னர் புன்னகை மாறாமல் நின்றார். "என்னம்மா?"

"நான் அழல. தர்லோக்கள் அழறதில்ல. நான் கடிச்சேன். வலது கட்டைவிரல்ல, ரத்தம் வர. எங்க ரெண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. அவர் உயிரோட இருந்து சொன்னாத்தான் வெளிய வரும். வந்திருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க சித்தப்பா செருப்பு வித்தார். அவர் பேரைச் சொல்லி நீங்க யாரையும் எங்கயும் அனுப்பாதீங்க. அவரே அந்த வேலையை விட்டுட்டுப் போனவர்."

"அக்கா, உக்காருங்க," என்று வில்பர் கையைப் பிடித்து இழுத்தான்.

"இரு. இன்னொண்ணு பாக்கி இருக்கு. ஹாய்ட் நாணயஸ்தர். இவர் புளுகர். தீர்ப்பு தாமதமானதுக்குக் காரணம் என் வீட்டு விஷயம்."

பீன்ஸ் தட்டு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி மேஜையில் உட்கார்ந்து, முழுவதும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. ஹில்டா மட்டும் வந்து உப்பை நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊர் வாக்களித்தது. மால்ட்பி முதலில் வந்தார். ஹாய்ட் கடைசிக்கு ஒருபடி மேலே வந்தார். தர்லோ வீட்டுத் தீர்ப்பை ஊர் மீறியது அதுதான் முதல் தடவை.

"அவர் புளுகர்னு நான்தான் தெளிவாச் சொன்னேனே, ஹில்டா. காதுல விழலியா?" என்று வேலி ஓரமாகக் கேட்டார் ஆல்மா.

"விழுந்துதுடி. புளுகர்தான், யாரு இல்லேங்கறா? ஆனா நம்ம ஊரைப் பத்தி எவ்ளோ நல்ல புளுகு! அந்த ஹாய்ட்டைப் பாரு. உன் வீட்டுப் பையைத் தின்னுட்டு உன் சித்தப்பாவையே கவுத்துட்டுப் போனான். அவனை நம்பி நாட்டை எப்படிக் குடுக்கறது? வெளிநாட்டுக்காரன் முன்னாலயும் இப்படித்தானே நிஜத்தைப் போட்டு உடைப்பான்?"

தாம் யாருக்கு வாக்களித்தார் என்பதை ஆல்மா சொன்னதில்லை. அந்த வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், கல்லிலிருந்து சைலஸின் பேரை எடுத்துவிட வேண்டும் என்று அவரே எழுந்து கேட்டார். கைதூக்கி வாக்கெடுத்தார்கள். தோற்றது. நார்த் வெல்லருக்கு வேறு தியாகி இல்லை. அந்த மே மாதம் கல்லுக்குப் பூ வைத்தது ஊர்தான். தர்லோ வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. படம் மட்டும் கணப்புக்கு மேலே அதே ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் இவர் செருப்பு வியாபாரம் செய்த எங்கள் சித்தப்பா என்று சொல்லிவிட்டுத்தான் ஆல்மா பையை வெட்டுகிறார்.

சைலஸ் தர்லோ அங்கே சாராயக்கடை நடத்தினார், மூன்று மனைவிகள் வைத்திருந்தார் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கடை செருப்புக்கடை. மனைவி ஒருவர்.