தொழாமல் விட்ட நாட்கள்

என் உம்மா முத்து பீவி நோன்புக் காலத்தில் யாரையும் சும்மா விடமாட்டாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பாதவர்களை அவளைப்போல் ஏசுவதற்குக் காயல்பட்டணத்தில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் பட்டப்பகலில் அடுப்படி மூலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நோன்பு எங்களுக்கு மட்டும்தானா என்று நானும் வாயை விட்டேன்.

அவள் திருப்பி ஏசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எப்பவோ நின்னுபோனது திரும்பி வந்திருக்குளா, ராஹிலா. தொழுகையும் இல்ல, நோன்பும் இல்ல. பேரன் பேத்தி எடுத்தவ இத யார்ட்ட போய்ச் சொல்லுவேன்?"

உதிரத்தைக் கண்டதும், தொழுகையும் நோன்பும் கூடாத மாதவிலக்கு என்று அவளே தீர்ப்புச் சொல்லி, அவளே ஒதுங்கியிருக்கிறாள். நோன்புக்கு முன்பிருந்தே விட்டு விட்டுப் பட்டதாம். பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்க வெட்கம், பெற்ற மகளிடம் சொல்லவும் வெட்கம். எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே தூத்துக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. கரியில் ஓடிய பஸ் எங்களைக் குலுக்கி எடுத்துவிட்டது.

டாக்டர் ஜெபசெல்வி உம்மாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். கருப்பை வாயில் சிவந்து தடித்த புண் இருக்கிறது, தொட்டாலே ரத்தம் வருகிறது, இந்த வயதில் புற்றுநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்றார். கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்று உளுந்தளவு சதையை வெட்டி, குப்பியில் போட்டு மதராஸுக்கு அனுப்பினார்.

உம்மாவிடம் ஏதோ பரிசோதனை என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் வெட்கத்தில் குரலடங்கிக் கிடந்தாள். அவள் இல்லாமல் போனால் வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, கிணற்றடியில் நின்று அழுவேன்.

பெருநாள் கழிந்து பதில் வந்தது. உம்மாவோடு மறுபடி தூத்துக்குடிக்குப் போனேன். புற்று இல்லை, வெறும் அழற்சி. கிருமியோடு சண்டை போடும் அணுக்களில் ஒரே வகை அங்கே கூட்டமாகச் சேர்ந்து தடித்திருக்கிறதாம். விலக்கு நின்ற பெண்களுக்கு இது வருவது அபூர்வம், பார்வைக்கு அச்சு அசல் புற்றைப் போலவே ஏமாற்றும், தானும் புத்தகத்தில்தான் படித்திருப்பதாக டாக்டர் சொன்னார். மருந்து வைத்துச் சுட்டால் ஆறிவிடும், அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பிறகு டாக்டரே உம்மாவிடம் வந்து, சாதாரணப் புண்தான் என்றார். உம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்போ இது மாச உதிரம் இல்லையா?"

"இல்லம்மா. புண்ணுலருந்து வார ரத்தம்."

உம்மாவின் முகம் வாடிவிட்டது. விலக்கில் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. புண்ணில் வரும் ரத்தமோ தொழுகையைத் தடுக்காது. விட்டதெல்லாம் களா, ஒவ்வொன்றாகத் தொழுது நிறைவேற்றியாக வேண்டும்.

"அவ்வளவையும் தொழுது தீக்கணுமேளா. எத்தன நாளாவுமோ" என்று புலம்பினாள்.

"ஆவட்டும் உம்மா. அதுக்கு நாள் கெடச்சிருக்குல்லா" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாளும் நான் எதற்குப் பயந்து கிடந்தேன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம், தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீரும் தொழ ஓர் இடமும் கேட்டாள்.