லாபம், ரெண்டு, மூணு

பிரான்சிஸின் மகள் அஸ்வினிக்குத் திண்டிவனத்தில் பேசி முடித்திருந்த கல்யாணம் ஒரு போன் காலில் நின்றுபோனது.

நாங்கள் அப்போது விழுப்புரம் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுவந்து விற்கிற கூடத்தைத்தான் நாங்கள் கமிட்டி என்போம். எனக்கும் பிரான்சிஸுக்கும் அங்கே சுமை வேலை. அவன் கோலியனூர், நானும் கோலியனூர். அவன் மூட்டையின் தலைப்பக்கம் பிடித்தால் நான் கால்பக்கம் பிடிப்பேன். இருபது வருசத்துக்கு மேலாக அப்படித்தான்.

போன் செய்தவர் துரைக்கண்ணு, மாப்பிள்ளையின் அப்பா. திண்டிவனத்தில் பேட்டரி கடை வைத்திருக்கிறார். பிரான்சிஸ் கையெல்லாம் தூசி என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மூட்டைமேல் வைத்தான்.

"சம்மந்தின்னு கூப்புடறதா வேணாமான்னு தெரியல. ஒரு வீடியோ அனுப்பிக்கிறேன். பாத்துட்டு நீயே சொல்லு."

பார்த்தோம். கறுப்புச் சட்டை, நெற்றியில் சிவப்புத் துணி, தோளில் துப்பாக்கி. பிரான்சிஸேதான். கையைக் கட்டிப்போட்ட ஒரு ஆளைத் தூக்கி வேனுக்குள் வீசுகிறான். கையைத் தட்டிக்கொண்டு நேராக நம்மைப் பார்த்து, "லாபம்!" என்கிறான். அவ்வளவுதான் வீடியோ. கீழே எவனோ எழுதியிருந்தான்: 'விழுப்புரம் கூலிப்படை தலைவன். உஷார். எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்.'

பிரான்சிஸுக்கு வாயெல்லாம் பல்.

"டேய் தேவா, நம்ம படம்டா இது! மூஞ்சி எப்பிடி வந்துகிது பாரு!"

"போன்ல ஆளு இருக்காருடா" என்றேன்.

"ஒரு மனுசன கட்டித் தூக்கிப் போட்டுட்டு லாபம்னு சிரிக்கிறியே" என்றார் துரைக்கண்ணு. "கூலிப்படக்காரன் ஊட்ல எப்பிடிய்யா பொண்ணு எடுக்கறது?"

"ஐயோ, அது சினிமாங்க."

"எந்த சினிமா?"

பிரான்சிஸ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"'ரெண்டு துப்பாக்கி ஒரு பரோட்டா'ங்க."

"இன்னாய்யா, விளாடறியா?" என்றார். போன் அணைந்தது.

படத்தின் பேர் நிஜமாகவே அதுதான். அஸ்வினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எடுத்தது. ஒரு நாள் எங்கள் மேஸ்திரி கோதண்டபாணிக்கு ஒரு போன் வந்தது. "நாளைக்கு திண்டிவனம் தாண்டி கல்குவாரிக்கு கூலிப்படைக்கு ஆள் வேணுமாம், நல்லா தூக்கறவனா கேக்கறாங்க" என்றார். படை என்கிறார்களே என்று ஒருவன் கேட்டான். "கூலி ஆளுங்களத்தான் அப்பிடி மரியாதையா சொல்றாங்கபோல" என்றார் மேஸ்திரி. மரியாதை கிடைப்பது அபூர்வம். நானும் பிரான்சிஸும் தலைத்துண்டு, மூட்டைக் கொக்கி, சோற்றுத் தூக்கோடு காலையிலேயே போய் இறங்கினோம்.

அங்கே லாரியும் இல்லை, மூட்டையும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேர் நின்றார்கள்.

"லோடு எங்கங்க?" என்றான் பிரான்சிஸ்.

நாற்காலியில் இருந்தவர் எங்கள் கொக்கியைப் பார்த்தான், பிரான்சிஸின் பிடரியில் புடைத்திருந்த காய்ப்பைப் பார்த்தான், எழுந்து நின்றுவிட்டார். அவர்தான் டைரக்டர் கோகுலகிருஷ்ணன். "இவங்கள விடாதிங்க, கறுப்புச் சட்ட, துப்பாக்கி குடுங்க, இவங்களயே எடுக்கறோம்" என்றார். சினிமாவில் கூலிப்படை என்றால் காசுக்கு ஆள் கடத்துகிறவன், வெட்டுகிறவன் என்று எங்களுக்கு விளங்கியபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பிரியாணி போட்டிருந்தார்கள். ஆகவே திரும்பிப் போகவில்லை.

படம் திண்டிவனத்தில் ஒரே ஒரு தியேட்டரில் வந்தது. விழுப்புரத்துக்கு வரவேயில்லை. நாங்கள் லீவு சொல்லிவிட்டுப் பார்க்கப் போவதற்குள் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். நடித்த நாங்களே பார்க்காத படம். கமிட்டியில் நாங்கள் சொன்னதை ஒருத்தனும் நம்பவில்லை. "நடிகருங்க வர்றாங்க, மூட்டைய எறக்கி வைங்கடா" என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

போன் வந்த அன்று சாயங்காலம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அஸ்வினி வீட்டுக்கு வந்தாள். அவள் நர்ஸ். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தோம். வந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் வரிசையில் நிற்கும் நோயாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவர்கிட்ட பேசிட்டேன். அவரு நம்பறாரு. அவங்கப்பாதான் நம்பல. ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுத்துகிறாரு. படம்னா படத்த கொண்டாந்து காட்டுன்றாரு. இல்லன்னா வேற எடம் பாப்பாராம்."

"பாத்துட்டுப் போறாரு" என்றான் பிரான்சிஸ் வீம்பாக.

"எனுக்கு அவரத்தாம்பா புடிச்சிகிது" என்றாள் அஸ்வினி. பிரான்சிஸின் வீம்பு அதோடு போயிற்று. அவன் மனைவி வேணி உள்ளே பாத்திரத்தை உருட்டின சத்தம் கேட்டது.

அஸ்வினி என் பக்கம் திரும்பினாள். "ஏன் சித்தப்பா, நீயும்தான நடிச்சன்னு சொன்ன? அந்த வீடியோல நீ எங்க?"

"அந்த ஆளோட கால ஒரு கை புடிச்சிக்கினு இருக்குதே..."

"ஆமா."

"அதான் நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

டைரக்டரைத் தேடிப்பிடித்தது அவள் மாப்பிள்ளை அறிவுச்செல்வன்தான். கோகுலகிருஷ்ணன் இப்போது வானூரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறாராம். மறுநாளே பிரான்சிஸின் எக்ஸெல் வண்டியில் போனோம். இரண்டு பேர் கனத்தையும் தாங்கிக்கொண்டு அது போனதே பெரிய விஷயம்.

கோகுலகிருஷ்ணன் ஒரு பச்சைக்குழந்தையைக் கூடையில் படுக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொப்பை போட்டிருந்தது. பிரான்சிஸைக் கண்டதும் கேமராவை அப்படியே விட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டார்.

"படம் வேணும்ணே" என்றான் பிரான்சிஸ்.

"எந்தப் படம்?"

"நம்ம படம்."

அவர் முகம் சுருங்கியது. "கேலி பண்ண வந்திங்களா?"

விஷயத்தைச் சொன்னோம். "தியேட்டர்ல எவனோ போன்ல எடுத்ததா இருக்கும்" என்றார். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். சாமி படத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நானே வந்து ஓட்டறேன். ஆனா ஒரு கண்டிசன். அந்த சீன மட்டும் போட்டுக் காட்ட மாட்டேன். பேரு போடறதுலேந்து கடசி வரைக்கும் முழுசா பாக்கணும். எடவேள விடணும்."

"அண்ணே, எம் பொண்ணு கல்யாணம்ணே."

"எம் படம்யா" என்றார்.

ஞாயிறு மத்தியானம் திண்டிவனத்தில் துரைக்கண்ணு வீட்டு ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். திரை கட்ட வெள்ளைத்துணி இல்லை. கடைசியில் துரைக்கண்ணு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தன் புது வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "கரையில ஆணி அடிக்காத" என்றார். அவர் மனைவி ஜெயம் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சினிமா போடுகிறார்கள் என்று தெருவில் பாதிப்பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் போனிலும் அந்த வீடியோ இருந்தது.

படம் ஓடியது. கதை இதுதான்: வேலை கிடைக்காத இரண்டு கூலிப்படைக்காரர்கள். கையில் ஆளுக்கொரு துப்பாக்கி, சாப்பிட இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பரோட்டா. ஒரு ரைஸ்மில் முதலாளியைக் கடத்தச் சொல்லி வேலை வருகிறது. எடுபிடிக்கு இரண்டு தடியன்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தடியன்கள் நாங்கள்.

ஆரம்பத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு ஆள் கொட்டாவி விட்டார். கோகுலகிருஷ்ணன் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பிரான்சிஸின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. ஐந்து மூட்டை சேர்ந்தாற்போல் ஏற்றினாலும் அவனுக்கு அப்படி வேர்க்காது. அஸ்வினி வரவில்லை. அறிவுச்செல்வன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றான். அந்தப் பக்கம் யார் என்று கேட்கவேண்டியதில்லை.

அந்த இடம் வந்தது. ரைஸ்மில். முதலாளி முகம் கூலிப்படைக்குத் தெரியாது. உள்ளே வெள்ளைச் சட்டையில் ஏழு பேர் இருக்கிறார்கள். "எவன்னு பாக்க நேரமில்ல, எல்லாரையும் ஏத்து!" என்கிறான் ஹீரோ. பிரான்சிஸ் முதல் ஆளைத் தூக்கி வேனுக்குள் போடுகிறான். கையைத் தட்டுகிறான். திரும்புகிறான்.

"லாபம்!"

"பாத்திங்களா! பாத்திங்களா!" என்று துரைக்கண்ணு எழுந்துவிட்டார். "இத்தத்தான சொன்னேன்! ஆளத் தூக்கிப் போட்டுட்டு லாபம்ன்றான்!"

வேட்டித் திரையில் பிரான்சிஸ் அடுத்த ஆளைத் தூக்கினான்.

"ரெண்டு!"

ஜெயத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"மூணு!"

"ஐயோ சாமி!" என்று அடக்கமுடியாமல் உடைத்துக்கொண்டு சிரித்தார். "யோவ், உக்காருய்யா! எண்றாருய்யா அவரு! மூட்ட எண்றாரு!"

"இன்னாடி ஒளற்ற?"

"லாபம்னா ஒண்ணுய்யா! களத்துல மல்லாட்ட அளக்கச்சொல்ல ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவோம். உனுக்கு பேட்டரியத் தவிர இன்னா தெரியும்? எங்கப்பன் ஊட்டுக் களத்துல வந்து நின்னுகிறியா ஒரு நாளாவது?"

துரைக்கண்ணு நின்றபடியே திரையைப் பார்த்தார்.

படம் எடுத்த அன்றைக்கு எங்களுக்கு யாரும் வசனம் கொடுக்கவில்லை என்பது உண்மை. கனமாக எதையாவது தூக்கி வண்டியில் போட்டால் பிரான்சிஸ் வாய் தானாக எண்ணும். அவன் முதல் ஆளைப் போட்டு 'லாபம்' என்றபோது ஹீரோவே சிரித்துவிட்டான். கோகுலகிருஷ்ணன் கேமராவை நிறுத்தவில்லை.

"நாலு!" என்றான் வேட்டியில் பிரான்சிஸ். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் "நாலு!" என்றார்கள். ஐந்தாவது ஆள் குண்டு. அவனை ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் கொக்கி போடாத குறையாகத் திணறினோம். "அஞ்சு!" தெருவே கத்தியது. கொட்டாவி விட்ட ஆள் தொடையைத் தட்டினார். ஏழாவதாக ஏறியது யார் என்றால், கடத்தச் சொல்லி ஆள் வைத்தவனே. வேலை நடக்கிறதா என்று பார்க்க வந்த பாவி. அவனும் வெள்ளைச் சட்டை. பிரான்சிஸ் வேனின் பக்கத்தில் ஓங்கித் தட்டி, "ஏழு! அடுக்கு சரியாகிது, கயிறு போடு! எந்த குடோனுக்குப்பா?" என்றான்.

அந்தச் சிரிப்பில் ஒரு பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டு வேட்டி தொங்கியது. துரைக்கண்ணு தானே ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தின்மேல் வேன் ஓடியது. "இன்னாய்யா ஆச்சு, ஏழு பேரையும் இன்னா பண்ணீங்க?" என்று துணியைப் பிடித்தபடியே கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது.

"எடவேள" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"போடுய்யா!"

"எடவேளன்னா எடவேள."

வேட்டியை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு வந்தார் துரைக்கண்ணு. ஜெயம் டீயும் வேகவைத்த மல்லாட்டையும் கொண்டுவந்திருந்தார். துரைக்கண்ணு தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து பிரான்சிஸிடம் நீட்டினார்.

"சம்மந்தி, டீ எடுத்துக்குங்க. ஆறிடப் போவுது."

பிரான்சிஸ் இரண்டு கையாலும் வாங்கினான். வாசலில் அறிவுச்செல்வன் போனில், "சம்மந்தின்னுட்டாரு, சம்மந்தின்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெயம் என்னிடம் வந்தார். "நீங்களும் நடிச்சதா சொன்னாங்க. நான் பாக்கலியேண்ணே?"

"கால்பக்கம்மா" என்றேன். "எப்பவும் நான் கால்பக்கம். வேன் கதவு மறைச்சிகிச்சி. அஞ்சாவது ஆளு ஏத்தச்சொல்ல ஒரு முழங்கை வந்துச்சில்ல?"

"ஆங், ஆமா! நல்ல முழங்கைண்ணே" என்றார்.

இரண்டாம் பாதி சுமார்தான். பாட்டு ஒன்று தேவையே இல்லை. இருந்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். கோகுலகிருஷ்ணன் ஜன்னல் போர்வையை அவிழ்ப்பதுபோல சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த டிஸ்க்கைத் திரும்பச் சுற்றும்போது முடிச்சு சரியாக விழவில்லை. நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

நிச்சயதார்த்தம் திண்டிவனத்தில். பெண் வீட்டு வரிசைத் தட்டைப் பெண்கள்தான் எடுத்துப்போவது வழக்கம். வேனிலிருந்து இறக்கிக் கொடுக்க நாங்கள் போதும் என்று நானும் பிரான்சிஸும் ஏறிக்கொண்டோம். முதலில் பழத்தட்டை வேணியிடம் கொடுத்தோம். வாசலில் நின்ற துரைக்கண்ணு அதை வாங்கியதும், தெருவே கேட்கிற மாதிரி, "லாபம்!" என்றார்.

அடுத்த தட்டுக்கு "ரெண்டு!" என்றார்கள் பின்னால் நின்ற பிள்ளைகள். அடுத்தது பூ. "மூணு!" தட்டு முடிகிறவரைக்கும் விடவில்லை. மணையில் உட்காரவேண்டிய அஸ்வினி ஜன்னலில் தலையை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீடியோ எடுத்தது கோகுலகிருஷ்ணன். இந்தத் தடவையாவது முகம் தெரியட்டும் என்று புதுச் சட்டை போட்டு, முடிக்கு எண்ணெய் வைத்து, வேன் வாசலில் நன்றாக முன்னால் வந்து நின்றேன்.

"தேவாண்ணே!" என்று அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். "தட்ட கொஞ்சம் கீழ எறக்குங்கண்ணே, மூஞ்சிய மறைக்குது!"

தட்டில் இருந்தது ஒரு முழுப் பலாப்பழம். கீழே இறக்கினால் விழுந்துவிடும்.

"முழங்கையவே எடுத்துக்கய்யா" என்றேன்.