வீட்டுக்கு வந்த ஏரி

தக்காளி விலை இறங்கிய அந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை, மூன்று ஊர்களுக்கு நடுவில் கிடந்த பெரிய ஏரி சுற்றுலாப் பேருந்தின் பின்னாலேயே நகரத்துக்கு வந்து, லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு முன்னறையில் தங்கியது. வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடாததைப் பற்றி அந்தத் தெருவில் சொல்லவேண்டியதையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்கள். ஆகவே ஏரி படியேறித்தான் வந்தது. தண்ணீர் மேல்நோக்கி ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அந்தக் கட்டடத்திலும் இருந்தார்கள். அவர்களும் வாசலில் கிடந்த செருப்புகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் ஏரி சற்று நின்று மூச்சு வாங்கியதாக அங்கே குடியிருந்த தையல்காரர் சொன்னார்.

அது தேடி வந்தது மெக்கானிக்கின் மனைவியை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடிக்காரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டுக் கம்பியைச் சரிபார்த்து, "இறுக்குதா?" என்று கேட்பாள். இல்லை என்றதும், "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பாள். வேறு எதையும் நினைக்காமலே வாயில் வந்துவிடும். ஊரில் பாதிப் பேரை அவள் அழைத்திருந்தாள், ஒருவரும் வந்ததில்லை. வீட்டுக்கு ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லாம் மெக்கானிக்கைப் பார்க்க வந்தார்கள், அல்லது கூடவே இருந்த அவருடைய அக்காவைப் பார்க்க வந்தார்கள். மணி அடித்தால் கதவைத் திறப்பது கண்ணாடிக்காரி. வந்தவர்கள் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "அவர் இல்லையா?" என்பார்கள். கல்யாணமாகி வந்த சில வருடங்களிலேயே, பார்ப்பவர்களுக்கு வசதியாகத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு கதவைத் திறக்கப் பழகிவிட்டாள். இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொல்வதற்கும் அவளைத் தேடி யாராவது வரவேண்டுமே.

சுற்றுலா போகலாம் என்றது அக்காதான். ஒரே நாளில் மூன்று ஊர், பேருந்து, படகு, மதியச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். வழிகாட்டி மைக் இல்லாமல் பேசத் தெரியாத ஒரு பெண்மணி. மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதல் ஊரில் இரண்டாம் ஊரின் படங்கள் விற்றார்கள். இரண்டாம் ஊரில் மூன்றாம் ஊரின் படங்கள் விற்றார்கள். மூன்றாம் ஊரில் ஒரு படகு அருங்காட்சியகம் இருந்தது. அப்போதுதான் படகிலிருந்து இறங்கியவர்கள் வரிசையில் நின்று, தரையில் ஆணியடித்து வைத்திருந்த ஒரு படகில் ஏறி உட்கார்ந்தார்கள். "இதுதான் நல்லா இருக்கு, ஆடலை" என்றாள் அக்கா. மெக்கானிக் பேருந்தில் தூங்கினார், படகில் தூங்கினார், மணிக்கூண்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார்.

படகில் எல்லாரும் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏரி தன் வாழ்நாளில் அதிகம் பார்த்தது முதுகுகளைத்தான். "அம்மா, நீங்க கொஞ்சம் எடுங்களேன்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணாடிக்காரியிடம் போனை நீட்டியதால், ஏரியை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றவள் அவள் ஒருத்திதான். கரை நெருங்கியபோது, எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்றாள். வாய்ப்பழக்கம். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை பேர் வந்து போறாங்க. அதை யாரும் இதுவரைக்கும் கூப்பிட்டதில்லை."

"அப்படியா? பாவம்" என்றாள் அவள், கரையில் எந்தக் காலை முதலில் வைப்பது என்ற யோசனையில்.

நகரத்துக்குத் திரும்பும் வழியில் வழிகாட்டி மைக்கைத் தட்டி, "அன்பான பயணிகளே, பின்பக்கம் பாருங்கள், ஏரி வருகிறது" என்று அறிவித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தூங்கிப் போனார்கள். ஏரி இடது ஓரமாகவே வந்தது. சிவப்பு விளக்குகளில் நின்றது. சுங்கச்சாவடியில் அதை எந்த வண்டி வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

மணி அடித்தபோது அன்றைக்கு அதிசயமாக மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தார். ஏரி அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தது. ஏரி எப்படித் தோளுக்கு மேல் பார்க்கும் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பார்த்தது என்பதற்கு மெக்கானிக்கே சாட்சி. அந்தப் பார்வை தன்னைக் கடந்து போனபோது தான் கதவின் ஒரு பாகம் போல ஆகிவிட்டதாக அவர் சொன்னார். "உன்னைத்தான் தேடுது போலிருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார். கண்ணாடிக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க, வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏரி மறுக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மரியாதைக்கு வாங்கிக்கொண்டது.

ஏரி அடக்கமான விருந்தாளி. அகலத்தையெல்லாம் மடித்து முன்னறைக்குள் ஒடுங்கிக்கொண்டது. ஆழத்தை மட்டும் அதனால் குறைக்க முடியவில்லை. சோபா மிதந்தது. மெக்கானிக் அதில் மிதந்தபடி செய்திகள் பார்க்கப் பழகினார். படகில் கொடுத்த மிதவைச் சட்டையை அக்கா கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்கு வந்திருந்தாள். அது உதவியாக இருந்தது. கீழ் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகினால் சண்டைக்குப் போகலாம் என்று காத்திருந்த தையல்காரருக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

கண்ணாடிக்காரி கடை முடிந்ததும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பேசுவாள். புதுக் கண்ணாடி போட்டதும் கடையில் இருந்த அத்தனை பேரையும் அடையாளம் தெரிந்து, திரும்பி ஓடியே போய்விட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னாள். காது இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டு அழுத ஒரு வக்கீலைப் பற்றிச் சொன்னாள். பேச ஆரம்பித்த பிறகுதான் தன்னிடம் இவ்வளவு இருந்தது அவளுக்கே தெரிந்தது. நல்ல இடம் வந்தால் ஏரிக்குச் சிரிப்பு தாங்காது. அப்போதெல்லாம் மெக்கானிக் சோபாவோடு எழும்பித் தாழ்வார். தன் மனைவி வேடிக்கையாகப் பேசக்கூடியவள் என்பதை அவர் இடுப்பு வலியின் மூலம் தெரிந்துகொண்டார்.

சில வாரங்கள் ஆனதும் அக்கா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். ஏரி முன்னால் நீளமாகக் கொட்டாவி விட்டாள். "அடுத்த வாரம் நாங்க ஊர்லயே இருக்க மாட்டோம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உங்க ஊர்ல தேட மாட்டாங்களா?" என்று நேராகவே கேட்டாள். ஏரி ஓரத்துக்கு இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"ஏம்மா, கூப்பிட்டது நீதானே? நீயே சொல்லிடு."

"எப்படி அண்ணி? வந்தவங்களை எப்படிப் போன்னு சொல்றது?"

"நான் சொல்லிடுவேன். ஆனா என்னைப் பார்த்தா அது அலையை அடக்கிக்கிட்டு மரியாதையா உக்காருது. அப்புறம் எங்க வாய் வருது?"

இதற்குள் மூன்று ஊர்களிலும் சேறுதான் மிச்சம். படகுகள் அதில் சாய்ந்து கிடந்தன. சுற்றுலா நடத்துபவர்கள் யோசித்து, பேருந்தைத் திருப்பி விட்டார்கள். இப்போது மூன்று ஊர்க்காரர்களும் காலையில் புறப்பட்டு நகரத்துக்கு வந்து, வரிசையாகப் படியேறி, தங்கள் ஏரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வழிகாட்டி மஞ்சள் குடையுடன் நிலைப்படியில் நின்று, "இடது பக்கம் பாருங்கள், சமையலறை. வலது பக்கம் மெக்கானிக்கின் அக்கா. தயவுசெய்து தொடவேண்டாம்" என்றார். முதல் வாரம் அக்கா கோபத்தில் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் வாரம் தலையைப் படிய வாரிக்கொண்டு வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஏரிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு நடைக்கும் கூடவே வந்த படகோட்டி மட்டும் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கண்ணாடிக்காரி அவருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள வாங்களேன். ஏன் படியிலேயே உக்காந்துட்டீங்க?"

"வேண்டாம்மா. என்னைப் பார்த்தா அதுக்கு வீட்டு ஞாபகம் வந்துடும். உங்க முன்னாடி சங்கடப்படும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏரி யாருக்கும் தெரியாமல் கதவிடுக்கு வழியாக ஒரு விரல் அகலத்துக்கு நழுவி வந்து, படகோட்டியின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டது.

அவளுக்குப் புரிந்தது. கிளம்பட்டுமா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவர்களை அவளால் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடியும். அந்த வீட்டில் அவளே பல வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் மனம் நோகும் என்று ஏரி கிளம்பாமல் இருந்தது. அதன் மனம் நோகும் என்று அவள் அனுப்பாமல் இருந்தாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு மட்டும் வேறு காரணம் தெரியும். இது போய்விட்டால் அவளைப் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை. அந்த எண்ணத்தோடு அந்த வாரம் முழுவதும் கடையில் எல்லாருக்கும் கம்பியை ஒரு சுற்று இறுக்கமாக வளைத்துவிட்டாள். ஊரில் பாதிப் பேருக்குக் காது சிவந்தது.

சனிக்கிழமை காலை நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். "வாங்க, நான் கொண்டுவந்து விடறேன்" என்றாள். முன்னறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. சோபா தரையில் அமர்ந்தது. மெக்கானிக் அதிர்ந்து விழித்துக்கொண்டார்.

பேருந்தின் கடைசி இருக்கையில் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஏரியை ஊர்வரை அழைத்துப்போனாள். அது தன் பள்ளத்தில் இறங்கி, மடித்து வைத்திருந்த அகலத்தையெல்லாம் விரித்துப் படுத்தது. படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மூன்று ஊர் மணிகளும் அடித்தன. அவள், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி நடந்து பேருந்தில் ஏறினாள். அழக்கூடாது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கண்ணாடி கிடையாது. அது பக்கத்து இருக்கைக்காரருடையது. அவர் பதறாமல், "நல்லாத் துடைங்கம்மா, பரவாயில்லை" என்றார். திருப்பி வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தவர், "உங்க பின்னாடி யாரோ வர்றாங்க போலிருக்கே" என்றார்.

ஏரி அவளைக் கொண்டுவந்து விட வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரம் வந்தவளைத் தனியாக எப்படி அனுப்புவது? வீட்டுவாசல்வரை வந்து, படியேறி, அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் இருட்டிவிட்டது. இருட்டில் அதைத் தனியாக எப்படி அனுப்புவது? இரவு தங்க வைத்து, காலையில் அவள் கூடப் போனாள். மாலையில் அது கூட வந்தது. "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வாசலோட நின்னுக்கக் கூடாதா?" என்று படகோட்டி கெஞ்சிப் பார்த்தார். அவர்களும் ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டார்கள். வாசலில் வந்து நின்றதும் பேச்சு ஏதாவது பாதியில் இருக்கும்.

வருடங்கள் இப்படியே போயின. கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஏற்றமாதிரி வேலை நாட்களை மாற்றிக் கொடுத்தார்கள். மெக்கானிக் ஏரிக்காகக் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்த்தார். ஏரிக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று தெரியவந்தது. தையல்காரர் படி ஈரமாவதைப் பற்றி மழைக்காலத்தில் முணுமுணுப்பதைப் போல முணுமுணுத்தார். ஏரி அவளை விடப் போயிருக்கும் நாட்களில் மூன்று ஊர்களிலும் கரையில் "ஏரி வெளியே போயிருக்கிறது" என்று ஒரு பலகை வைத்தார்கள். அந்த நாட்களில் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் ஊர்க்காரர்கள் ஏரியின் தரை வழியாகவே நடந்து ஒருவர் ஊருக்கு ஒருவர் போனார்கள். முதலில் தொலைந்த சாவிகளையும் தொப்பிகளையும் பொறுக்கத்தான் இறங்கினார்கள். பிறகு எதிரே வந்தவர்களோடு பேச்சு வந்தது, அவர்கள் வீட்டுக்குப் போனார்கள், கிளம்பும்போது அவர்கள் பாதி வழி கூட வந்தார்கள்.

இதனால் மறுநாள் கண்ணாடிக்காரியும் ஏரியும் வந்து சேரும்போது பள்ளத்தின் நடுவில் எப்போதும் ஆட்கள் நின்று விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள். ஏரி அவசரப்படாது. கரையில் ஒதுங்கி உட்காரும். அவளும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். கீழே ஒரு அம்மாள் ஏதோ ஞாபகம் வந்து, போனவரை மறுபடி கூப்பிடுவாள்.

"முடிச்சுட்டு வரட்டும்" என்பாள் கண்ணாடிக்காரி. "நமக்கு என்ன அவசரம்?"