பெரீன் தூக்கிய கை

ஆன்செல்ம் ஐந்து மணிக்கு எழுந்தான். குடத்துத் தண்ணீரின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியை விரல் மூட்டால் தட்டி உடைத்தான். முகம் கழுவினான். நேற்றைய ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துத் தின்றான். இறகுப் பேனாவைச் சீவி இரண்டு பக்கம் எழுதினான். மையை உலர்த்தும் மணல் தீர்ந்துபோயிருந்தது. செத்துப்போன மனைவி பெரீனின் முகமாவு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் தூவி ஊதினான். ஏழு வாரமாக இப்படித்தான். தாளில் அவள் வாசனை அடித்தது. அவன் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

தெருமுனையில் மீன்காரி மதாம் கொக்லே கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் கை காட்டினாள்.

"ஏம்ப்பா ஆன்செல்ம், இங்க வா. நீதான் படிச்சவன். இந்தத் தாள்ல நம்ம பெரீன் பேரு இருக்காமே? சந்தை வாசல்ல ஒருத்தன் கூவிக் கூவி விக்கிறான்."

மீன் ஈரம் பட்ட துண்டுத்தாள். தலைப்பு, 'நடிகை ஒருத்தியின் மனந்திரும்புதல்'. அவன் சத்தமாகப் படித்தான். சந்தைக் கொட்டகை நடிகை பெரீன், மரணப் படுக்கையில் வலது கையை உயர்த்தி, "மேடையை வெறுக்கிறேன், அங்கே பாவத்தைத் தவிர வேறெதையும் நான் சம்பாதிக்கவில்லை" என்று சத்தியம் செய்தாளாம். அடியில் பங்குச் சாமியார் ஜெர்வேயின் பெயர். அதற்கும் அடியில் சாட்சி, கணவன் ஆன்செல்ம் பிரெஷார், நாடக ஆசிரியர்.

"யாரு, பெரீனா? ஒரு நண்டு வாங்க எங்கூட அரைநாள் மல்லுக்கு நிப்பாளே, அவளா இவ்வளவு மரியாதையா செத்தா?" மதாம் கொக்லே இடுப்பில் கை வைத்தாள். "கீழ உம்பேரு இருக்குங்குற. நீதான் கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"அப்போ அவ நெசமா என்னதான்யா சொன்னா?"

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். "மீன் பொட்டலம் கட்ட ஆகும், வச்சுக்குங்க."

அவன் எழுதியதெல்லாம் பாரிசின் சான் ஜெர்மேன் சந்தை நாடகக் கொட்டகைக்கு. பதினேழு சிரிப்பு நாடகங்கள். பேச்சு நாடகம் போடும் உரிமையை அரசனிடம் வாங்கி வைத்திருந்த பெரிய குழுவுக்குச் சந்தையில் கூட்டம் சேர்வது பொறுக்கவில்லை. மேடையில் இருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்று முதலில் தடை வாங்கினார்கள். ஆன்செல்மின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து பேசின. ஒருத்தி கேள்வி கேட்டுவிட்டு உள்ளே ஓடுவாள், அடுத்தவன் வெளியே வந்து பதில் சொல்வான். சனங்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். உடனே, யாருமே வாய் திறக்கக் கூடாது என்று அடுத்த தடை வந்தது. அவன் வசனங்களைப் பெரிய எழுத்தில் சீலைகளில் எழுதி, உத்தரத்தில் சுருட்டிக் கட்டினான். கயிற்றைத் தளர்த்தினால் சீலை விரியும். படிக்கத் தெரிந்தவர்கள் முதலில், தெரியாதவர்கள் அவர்கள் பின்னால் என்று கொட்டகையே அதைப் பாடும். பார்க்க வந்தவன் வாயைக் கட்ட எந்த உத்தரவிலும் இடமில்லை.

சீலையை இறக்க ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். வலது கையை உயர்த்தி இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினால், "அடுத்தது" என்று அர்த்தம். பாரிசிலேயே கணீரென்ற குரல் பெரீனுடையது. அந்தக் குரலைப் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று வருடம் கையால் நடித்தாள். கை வீட்டுக்கும் வந்துவிட்டது. சூப் இன்னொரு கரண்டி வேண்டுமென்றாலும் இரண்டு விரல்தான்.

டிசம்பர் பதினாலாம் தேதி நெஞ்சுச்சளி அவளை முடித்தது. சாமியார் ஜெர்வே சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயும் ஒரு தாளும் கொண்டுவந்தார். தொழிலைக் கைவிடுவதாகச் சொல்லாத நடிகைக்கு எண்ணெய்ப் பூச்சு கிடையாது, கல்லறையும் கிடையாது. வண்டியில் போட்டு ஆற்றோரப் பொட்டலுக்குக் கொண்டுபோய்க் குழியில் தள்ளி, மேலே சுண்ணாம்பு கொட்டுவார்கள். அரசன் முன்னால் ஆடினால் அரசன் கைதட்டுவான். பிரபுவும் தட்டுவான். கைதட்டினவனுக்கு மோட்சம், கைதட்டு வாங்கினவளுக்குச் சுண்ணாம்பு.

சாமியார் குனிந்து அவள் காதருகே முணுமுணுத்தார். பெரீன் கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். ஒரே வரி. பிறகு வலது கையைத் தூக்கி இரண்டு விரல்களைச் சேர்த்தாள். கை விழுந்தது. அவ்வளவுதான்.

"சத்தியம் பண்ணிட்டாங்க" என்றார் சாமியார். எழுதினார். இறகை ஆன்செல்மிடம் நீட்டினார். அவன் சுண்ணாம்பை நினைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது சந்தை வாசலில் கூவி விற்கிறார்கள்.

சாமியார் அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆன்செல்ம் தொப்பியைக் கழற்றவில்லை.

"சாமி, அந்தத் தாள்ல இருக்கறத அவ சொல்லல."

"உக்காரு, ஆன்செல்ம். கையைத் தூக்கினாங்க. நீயும் பார்த்த."

"அது சத்தியம் இல்ல. அடுத்த சீலைய இறக்குன்னு அர்த்தம். சந்தையில சுத்துற கழுதைக்குக்கூடத் தெரியும்."

"நான் சந்தைக்குப் போறதில்ல."

"கல்லூரியில மூணு வருஷம் ராணி வேஷம் கட்டினியே, ஜெர்வே. கன்னத்துல சாயம், தலையில டோப்பா. அப்போ எங்க போச்சு இந்தப் பாவமெல்லாம்?"

சாமியார் முகம் சிவந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் லத்தீன் படித்தவர்கள். "அது லத்தீன்" என்றார்.

"லத்தீன்ல நடிச்சா புண்ணியமோ?"

"அது படிப்பு. இது பிழைப்பு. வாத்தியார்ங்க போடச் சொன்னாங்க, போட்டோம்."

ஜெர்வே ராணியாக நிற்கும்போது குரலே எழும்பாது. கடைசி பெஞ்சிலிருந்து வாத்தியார் பிரம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ராணியின் வசனத்தைத் தோழிக்கே கொடுத்துவிட்டார். ஆன்செல்ம்தான் தோழி.

"அவ சொல்லாத வார்த்தைய அவ வாயில வச்சு அச்சடிச்சிருக்கீங்க" என்றான். "உயிரோட இருந்தப்ப பேச விடல. செத்தப்புறம் நீங்களா பேச வைக்கிறீங்க. தாளைத் திரும்ப வாங்கிக்குங்க."

"சாட்சிக் கையெழுத்து உன்னது. பொய்ச்சாட்சின்னா அதை எழுதிக் குடு. நாளைக்கே தோண்டி எடுத்துடலாம்." குரலில் கோபமில்லை. விறகுக்குச் சொல்லி அனுப்புகிறவர் குரல். "தரை இறுகிக் கிடக்கு. நாலு ஆள் வேணும்."

ஆன்செல்முக்கு ஓங்கி ஒன்று விட்டால் தீர்ந்துவிடும் போலிருந்தது. திரும்பி வெளியே வந்தான். கோவிலின் வடக்குச் சுவரோரம் போய் நின்றான். பெரீனின் மரச்சிலுவை. புல் முளைக்காத மண். அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இவளை இங்கிருந்து கிளப்பிவிடுவார்கள். திறக்காவிட்டால், மேடையை வெறுத்தவள் என்ற பெயரோடு இங்கேயே கிடப்பாள். எவ்வளவு சுத்தமாகப் பூட்டியிருக்கிறார்கள்! கொட்டகையைப் பூட்டியது போலவே.

சட்டைக்குள்ளிருந்த காலைப் பக்கங்களை எடுத்துக் கிழித்துப் போட்டான். நேரே கொட்டகைக்குப் போய் ஒரு வெள்ளைச் சீலையை விரித்தான்.

கொட்டகைக்காரர் கஸ்பார், பழைய கயிற்றாட்டக்காரர், பயந்துபோனார்.

"டேய், இழுத்து மூடிருவாங்கடா. சாமியார மேடையில ஏத்தினா நம்ம கதை முடிஞ்சுது."

"சாமியார் இல்ல. பத்திரம் எழுதுறவன். நோயாளி ஒரு சலவைக்காரி. யாரும் பேசப் போறதும் இல்ல."

"பின்ன என்னதான்டா இருக்கு?"

"ஒரே ஒரு சீலை."

கஸ்பார் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். குபீரென்று சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதையா சொன்னா?"

"இதேதான்."

"ராட்சசி. அவளேதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நடுவுல ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருக்கியே?"

"அது சனங்களுக்கு."

மாலை நாலு மணி ஆட்டம். கொட்டகை நிறைந்துவிட்டது. பாதிப்பேர் கையில் அந்தத் துண்டுத்தாள். பக்கவாட்டுப் பெஞ்சில் காவல் அதிகாரி தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு சொல் வெளிப்பட்டாலும் எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. ஆன்செல்ம் மேடைக்குப் பக்கத்தில், கயிறுகளுக்கு நடுவே நின்றான்.

கறுப்பு அங்கிக்காரன் பத்திரத்தோடு வந்தான். படுத்திருந்த சலவைக்காரியின் காதில் முணுமுணுத்தான். இன்னும் குனிந்தான். இன்னும் குனிந்தான். டோப்பா அவள் மூக்கில் உரசியது. சனங்கள் சிரித்தார்கள். சலவைக்காரி கண்ணைத் திறந்தாள். வலது கையைத் தூக்கி இரண்டு விரல்களைச் சேர்த்தாள்.

சிரிப்பு நின்றது. பலர் தங்கள் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார்கள். 'வலது கையை உயர்த்தி.'

"அட, 'அடுத்தது'டா அது!" என்றான் ஒருவன். "அதப் போய்ச் சத்தியம்னு எழுதிட்டானுங்களா, பாவிங்க!"

கயிறு தளர்ந்தது. சீலை விரிந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்தார்கள்.

"பெரீனு!" பின்னாலிருந்து மதாம் கொக்லேயின் குரல். "சத்தியமா எங்க பெரீனுதான் இது! ஏங்க, எனக்குப் படிக்கத் தெரியாது, இன்னொரு தரம் சொல்லுங்க!"

சொன்னார்கள். கொட்டகை முழுக்கச் சேர்ந்து சொன்னது. சீலையில் விட்டிருந்த இடத்துக்கு வந்ததும் ஒருவரும் தயங்கவில்லை. யாரை அழைக்கிற சொல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை மட்டும் இன்னும் ஓங்கிச் சொன்னார்கள்.

காவல் அதிகாரி எழுந்து நின்றார். "யார் அது? யார் சொன்னது?"

"சரியாக் கேக்கலியா முசே?" என்றது கூட்டம். "இதோ, மறுபடியும்!"

அவர் மேடையைப் பார்த்தார். அங்கே எல்லா வாயும் மூடியிருந்தது. சீலையைப் பார்த்தார், சலவைக்காரியின் வசனம், அவ்வளவே. ஆன்செல்மைப் பார்த்தார். அவன் எதையும் மறுக்கவில்லை, எந்தச் சாட்சியையும் திரும்பப் பெறவில்லை. அறுநூறு பேரைத் தாளில் எழுத முடியாது. அவர் பென்சிலைப் பைக்குள் போட்டார்.

மூன்றாம் முறை கத்தினார்கள். கூரை அதிர்ந்தது. கோவிலின் வடக்குச் சுவர் வரை கேட்டிருக்கும். அப்போது ஆன்செல்மும் வாயைத் திறந்தான். ஏழு வாரமாக வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னான். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, காதருகே முணுமுணுத்தவரைப் பார்த்துப் பெரீன் சொன்னது இதுதான்:

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சாமி, பின்வரிசைக்குக் கேக்கல."