பானட்டை யார் திறப்பது?

டெல்லியில் கார்ப் பந்தயம் விடுவதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, ரிங் ரோட்டில் போய் நின்றால் போதாதா என்று அபூர்வாவிடம் கேட்காதவர்கள் இல்லை. அவள் யாரோடும் வாதாடுவதில்லை. நொய்டா கம்பெனி ஒன்றில் அவள் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டில் தெருப் பந்தயம் பாதிதான். மீதிப் பாதி பட்டறை. ஓட்டை உடைசல் கார் ஒன்றை வாங்கி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றி, பிரேக்கைச் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் தெருவில் இறக்க வேண்டும். இந்தப் பட்டறைப் பாதி முழுக்க முழுக்க அபூர்வாவுடையது. கரோல் பாக் பட்டறைகளில் பானட் என்கிற முன்மூடி திறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்ற கார்களைப் போட்டோ எடுத்து, தலையணை கனத்துக்கு மானுவல்களைப் படித்து, ஒவ்வொரு திருகையும் தன் கையால் வரைந்து வைத்திருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்த சொந்தக்காரர்களிடம்கூட ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேசி அனுப்பியவள் அவள்.

இரண்டாயிரத்து ஐந்தில், ஹோலி முடிந்த கையோடு, சோதனைப் பதிப்பு வெளியானது. விளையாடிப் பார்த்து யோசனை சொல்லுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். நம் ஜனங்களிடம் யோசனை கேட்டால் கேட்கவா வேண்டும்? வந்து குவிந்துவிட்டது. ஒருத்தனுக்கு இன்னும் வேகம் வேண்டும். ஒருத்தனுக்கு சைலன்ஸரிலிருந்து நெருப்பு பறக்க வேண்டும். லாஜ்பத் நகர்ப் பையன் ஒருவன் முன்னால் போகிறவனைத் திட்டுவதற்குத் தனி பட்டன் கேட்டு, திட்டுகளின் மாதிரியையும் சிரத்தையாக இணைத்திருந்தான். பட்டறையைப் பற்றி எழுதியவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத் தாண்டிப் போக ஒரு வழி.

முதலாளி சாப்ரா நல்ல மனிதர். கெட்ட செய்தியை சமோசா வாங்கிக் கொடுத்துத்தான் சொல்வார். அன்றைக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். "பட்டறை வேணும்னு கேட்கிற ஆட்கள் நாலு பேரையாவது காட்டு பேட்டா. இல்லேன்னா அடுத்த பதிப்பில் அதை எடுத்துடலாம்," என்றார். அபூர்வா இரண்டாவது சமோசாவைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

நாலு பேருக்கு எங்கே போவது? வீட்டுக்குத்தான் போனாள். அவள் அப்பா கஸ்தூரிரங்கன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அது பிழைப்புக்கு. மனசெல்லாம் கிட்வாய் நகர் தமிழர் நல மன்றத்தில். அதற்கு அவர்தான் செயலாளர். வாசலில் நிற்கும் வெள்ளை மாருதிக்கு உறை தைத்துப் போட்டு, விசேஷ நாட்களில் மட்டும் வெளியே எடுப்பவர்.

"அப்பா, நீயும் உன் ஃப்ரெண்ட்ஸும் ஒரு தடவை விளையாடிப் பார்த்துட்டு, பட்டறை நன்னா இருக்குன்னு ஆளுக்கு ரெண்டு வரி எழுதுங்கோளேன், ப்ளீஸ்."

"ஆளுக்கு ஆள் எழுதினா அதுக்கு என்னடீ மதிப்பு? மன்றத்துல வெச்சு, தீர்மானமாவே அனுப்பிடறேன்."

அங்கேயே தடுத்திருக்க வேண்டும். அவளும் டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண்தானே, தீர்மானம் என்றால் என்னவென்று தெரியாதா? ஆனால் ஆசை கண்ணை மறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு கமிட்டி கூடியது. கம்ப்யூட்டருக்கு முன்னால் வேதாந்தம் மாமா உட்கார்ந்தார். தணிக்கைத் துறையில் ஊறிய மனிதர். முதல் பந்தயத்துக்குக் காரை அபூர்வாவே தயார் செய்து வைத்திருந்தாள். பந்தயம் தொடங்கியது; எதிராளிகளின் கார்கள் உறுமிக்கொண்டு பாய்ந்தன. மாமா முதல் சிக்னலில் காரை நிறுத்தினார்.

"மாமா, போங்கோ! ஏன் நின்னுட்டேள்?" என்று அபூர்வா கத்தினாள்.

"ரெட் விழுந்திருக்கேம்மா."

கடைசியாக வந்து சேர்ந்தார், காரில் ஒரு கீறல் இல்லாமல். அதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார், ஏற்றினார்கள். அடுத்து பட்டறை. அபூர்வா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்போ பானட்டைத் திறக்கணும் மாமா. அது மேல ஒரு க்ளிக் பண்ணுங்கோ, போதும்."

மாமா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் எதுக்கும்மா திறக்கணும்? பிட்டு என்ன ஆனான்?"

பிட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மெக்கானிக். காலனியில் ஓடுகிற கார், ஓடாத கார் எல்லாம் அவன் பொறுப்பு. பெயரைச் சொன்னதுதான் தாமதம், கமிட்டிக்கு உயிர் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் பிட்டு தன்னை எப்படியெல்லாம் காக்க வைத்தான் என்று பெருமையோடு சொன்னார்கள். கார் வாங்கிய நாளிலிருந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை என்றார் ஒருவர். பார்த்தால் பயமாக இருக்குமாம். பட்டறை எப்படி இருக்கிறது என்று அபூர்வா கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தீர்மானம் ஆங்கிலத்தில் தயாரானது. பானட்டைத் திறப்பது வாகன உரிமையாளரின் வேலையல்ல. ஆகையால் விளையாட்டில் மெக்கானிக் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் போனில் 'பஸ், ஆதா கண்டா' என்று அரை மணியில் வருவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் வர வேண்டும். வந்ததும் இதில் எந்த முட்டாள் கை வைத்தான் என்று கேட்க வேண்டும். உரிமையாளர் பக்கத்தில் நின்று டீ கொடுக்க வேண்டும். இவை நிறைவேறினால் பட்டறைப் பகுதியை எக்காரணம் கொண்டும் நீக்கலாகாது என்று மன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. எல்லாரும் பதவியோடு கையெழுத்துப் போட்டார்கள். மின்னஞ்சலுக்கு அத்தாட்சி ஏது என்று வேதாந்தம் ஆட்சேபித்ததால் ரிஜிஸ்டர் தபாலிலும் ஒரு பிரதி போயிற்று.

சாப்ரா அதைப் படித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டு, எழுந்து நின்று வாசித்துக் காட்டினார். "கமால் ஹை, பிரமாதம்! பேட்டா, உன் பட்டறை பிழைச்சுது!"

பிழைத்ததுதான், எப்படிப் பிழைத்தது என்று கேளுங்கள். பானட்டின் மேல் க்ளிக் செய்தால் இப்போது போன் அடிக்கும். மெக்கானிக் வருவான், குனிவான், பானட் அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். அபூர்வா வரைந்த திருகு ஒவ்வொன்றும் உள்ளே பத்திரமாக இருந்தது. யாரும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். தீபாவளிக்கு விளையாட்டு வெளியாகி ஓகோவென்று விற்றது. பந்தயத்தை விட்டுவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருந்து அவனோடு சண்டை போடுவதற்கே பையன்கள் விளையாடினார்கள். அவன் பான் மென்றுகொண்டே பேச வேண்டும் என்று புது யோசனைகள் வந்தன. அபூர்வாவுக்குப் பதவி உயர்வு, திரையில் முதல் பெயர். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அடக்கிக்கொண்டாள்.

ஜனவரியில் மன்றம் அவளுக்குப் பொன்னாடை போர்த்த நாள் குறித்தது. பனிமூட்டம் விலகாத காலை. கஸ்தூரிரங்கன் உறையை எடுத்து, மாருதியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். அது இரண்டு முறை இருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. அவர் இறங்கி வந்து செல்போனை எடுத்தார்.

"போன் வேண்டாம்ப்பா. நான் பார்க்கறேன்," என்றாள் அபூர்வா.

பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் வந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளுக்கு உற்சாகமாக இருந்தது. குளிரில் கார்புரேட்டர் எப்படி அடைத்துக்கொள்ளும், எதைக் கழற்ற வேண்டும், எதைத் துடைக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். பானட்டின் விளிம்பில் கையை வைத்துத் தூக்கினாள். வரவில்லை. அழுத்திப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், விரலை விட்டுத் துழாவினாள். கரோல் பாக்கில் அவள் பார்த்த கார்கள் எல்லாம் திறந்தே நின்றன. அவள் படித்த மானுவல்களும் திறந்த பானட்டிலிருந்தே தொடங்கின. அவள் செய்த விளையாட்டில் ஒரு க்ளிக்கில் திறந்தது. வந்து குவிந்த யோசனைகளில் பானட் எப்படித் திறக்கும் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை.

"எங்கேப்பா திறக்கறது?"

"என்னைக் கேட்டா? நான் என்னிக்குத் திறந்தேன்?"

கஸ்தூரிரங்கன் போனைக் காதில் வைத்தார். பிட்டுவின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. "பஸ், ஆதா கண்டா."

அபூர்வா டீ போட உள்ளே போனாள்.