கத்திக்குக் கழுத்தை நீட்டியவர்

எங்கள் ஊரில் அடுத்தடுத்து நான்கு பெண்களை யாரோ கழுத்தறுத்துக் கொன்றார்கள். போலீசுக்கு ஆள் சிக்கவில்லை. கத்தி பிடிக்கிற கை என்று சலூன் வைத்திருந்த என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். இருந்த ஒரே சாட்சி, விடியுமுன் ஓர் ஆள் ஓடியதைப் பார்த்த பால்காரர். அடையாள அணிவகுப்பில் நேராக இவரைக் கைகாட்டினார். ஆயுள் தண்டனை.

கோர்ட் வாசலில், கொலையான நால்வரில் ஒருவரான டீச்சரின் கணவர் இவர் முகத்தில் காறித் துப்பினார். கையில் விலங்கு, துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

பல வருஷம் கழித்து அந்தக் கொலைகளைப் பற்றிப் புத்தகம் எழுத ஒரு பத்திரிகைக்காரம்மா வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்" என்றார்.

"ரத்தத்தைப் பாத்தாலே மயங்கி விழுற மனுஷன்மா. யார் கன்னத்துலயாவது லேசாக் கீறிட்டா நான்தான் ஓடிப்போய்ப் படிகாரம் வைக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வாசலில் ஒரு மனுஷி சிரித்து எத்தனை காலம்! கதவைத் திறந்தேன்.

பால்காரரையும் அவர் விடவில்லை. கடைசியில் அந்த மனுஷன் வாய் திறந்தார்: "அணிவகுப்புக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல போட்டோ காட்டி இவன்தான்னு சொன்னாங்கம்மா. இருட்டுல நான் முகத்தையே பாக்கல." அது புத்தகத்தில் வந்தது. மேல்கோர்ட்டிலும் வந்து அதையே சொன்னார். இவர் விடுதலையானார்.

கொன்றது யாரென்று தனக்குத் தெரியவில்லை என்றும் அந்தம்மா எழுதியிருந்தார். "அப்போ இவனாவும் இருக்கலாமே" என்றது ஊர். சலூனைத் திறந்தோம், ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் டீச்சரின் கணவர் உள்ளே வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஷேவிங்" என்றார்.

"வேணாம் சார். கை நிக்க மாட்டேங்குது" என்றார் இவர்.

"நிக்கிற வரைக்கும் உட்காந்திருக்கேன். இன்னைக்கு எனக்கு லீவுதான்."

தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்க்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். நுரை பூசும்போது அவர் சொன்னார்: "அவ சிரிப்பைப் பத்தி அந்தம்மா ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. அதைப் படிக்கத்தான் புத்தகத்தை வாங்கினேன். அப்புறம்தான் உங்க கதை தெரிஞ்சது. என்னை மன்னிச்சிடுங்க."

இவர் அழுதுகொண்டே மழித்தார். ஒரு கீறல் விழவில்லை. சாயங்காலத்துக்குள் எதிர்க்கடைக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார்.

இப்போதும் அந்தப் பால்காரரிடம்தான் பால் வாங்குகிறேன். கோபமில்லையா என்று கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் அவர் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாமே, யார் கேட்டிருப்பார்கள்?